41-க்கு 8: ஒரு பின் ஆக்சிலின் வரலாறு

எம்.ஜி. டி.டி. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் பின் ஆக்சிலைத் திறந்தால், உள்ளே 41 பல் கொண்ட கிரவுன் வீலும் 8 பல் கொண்ட பினியனும் இருக்கும். 41-ஐ 8-ஆல் வகுத்தால் 5.125. டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றியாக வேண்டும். 60 மைல் வேகத்தில் போனால் எஞ்சின் நிமிடத்துக்கு 4,100 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்கள் அந்த வண்டியில் உட்கார்ந்தால், கொஞ்ச தூரத்திலேயே அவர்கள் கை ஐந்தாவது கியரைத் தேடும். அதில் இருப்பதோ நான்கு கியர்தான்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரில் 1949 இறுதி முதல் 1953 வரை இந்த வண்டியைச் செய்தார்கள். மொத்தம் 29,664. அதன் கிரவுன்-பினியன் ஜோடியைக் கழற்றிவிட்டு வேறு பல்லெண்ணிக்கை உள்ள ஜோடியைப் போடும் வழக்கமும் ஏறக்குறைய அந்த வண்டியளவுக்கே பழசு. நான் கோவையில் பீளமேட்டுப் பக்கம் கியர் வெட்டும் பட்டறையில் தொழில் படித்தவன். பிறகு கவன்ட்ரிக்கு வந்து, ஓய்வு பெறும் வரை அதே தொழிலில் இருந்தேன். இப்போது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் பழைய எம்.ஜி. வண்டிகளின் ஆக்சில்களை மட்டும் பிரித்துப் பூட்டுகிறேன். கொண்டுவருகிற எல்லாரும் கேட்பது ஒன்றையே: “இதை இவ்வளவு குறைவான வேகத்துக்கு ஏன் வைத்தார்கள்?” வண்டி செய்தவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்ற எண்ணத்தில்தான் பலரும் இதைக் கேட்கிறார்கள். அந்த எண்ணம் தவறு. 5.125 என்ற எண்ணை நிர்ணயித்தவை ஒரு நாட்டின் வரியும், மேடுகளும், சாலைகளும். அவை மாறியபோது எண்ணும் மாறியது.

வரியிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனில் 1921 முதல் கார்களுக்குக் குதிரைத்திறன் கணக்கில் ஆண்டு வரி விதித்தார்கள், ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம். அந்தக் குதிரைத்திறன் எஞ்சினை ஓட்டிப் பார்த்து அளந்தது அல்ல. சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுப்பார்கள். வருவதுதான் வரிக்கான குதிரைத்திறன். பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது இந்தக் கணக்கில் எங்கும் வராது. வடிவமைப்பாளர்கள் என்ன செய்வார்கள்? சிலிண்டரைக் குறுக்கினார்கள், ஸ்ட்ரோக்கை நீட்டினார்கள். டி.டி.யின் எஞ்சினில் விட்டம் 66.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. நான்கு சிலிண்டர், 1,250 சி.சி. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் 10.97 வரும். 11 குதிரைத்திறனுக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். உண்மையில் அந்த எஞ்சின் 5,200 சுற்றில் 54 குதிரைத்திறன் கொடுத்தது.

அதே காலத்து அமெரிக்காவில் இந்த நெருக்கடி இல்லை. 1928-ல் வந்த ஃபோர்டு மாடல் ஏ காருக்கு எஞ்சின் 3.3 லிட்டர், பின் ஆக்சில் 3.78. எஞ்சின் பெரிது, அதனால் மெதுவாகச் சுற்றியே இழுத்துவிடும். அந்த வண்டியையே பிரிட்டனில் விற்க வந்தபோது, வரிக்காக சிலிண்டரைக் குறுக்கித் தனியாக ஒரு எஞ்சின் போட வேண்டியிருந்தது. சின்ன எஞ்சினுக்குச் சுழற்சிதான் பலம். நிறையச் சுற்றவிட்டால்தான் வண்டியை இழுக்கும். அதற்குப் பின் ஆக்சிலில் பெரிய எண் வேண்டும். 5.125-ல் முதல் பாதியை எழுதியது வரித்துறை என்று நான் சொல்வது இதனால்தான்.

மறுபாதியை எழுதியவை மேடுகள். 1930களில் எம்.ஜி. வாங்கியவர்கள் அதைப் பந்தயப் பாதையில் ஓட்டியதைவிட, சேறும் கல்லுமாக இருந்த கிராமத்து ஏற்றங்களில் ஓட்டியதே அதிகம். ‘ட்ரையல்ஸ்’ என்று பெயர். நிற்காமல் மேட்டின் உச்சிக்குப் போய்விட வேண்டும். நின்றால் மதிப்பெண் போச்சு. எம்.ஜி.க்கென்றே ‘கிரீம் கிராக்கர்ஸ்’ என்ற அணி இருந்தது. சாமர்செட்டில் போர்லாக் ஏற்றத்துக்குச் சாய்வு நாலுக்கு ஒன்று. இன்றைக்குத் தார் போட்ட சாலையில் அங்கே ஏறும்போதே முதல் கியரை விட்டு மாறுவதற்கு யோசிப்போம். அப்படிப்பட்ட இடங்களில் 60 மைல் வேகத்தின் இரைச்சலைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை. பதினைந்து மைல் வேகத்தில் எஞ்சின் மூச்சுவிடாமல் இழுக்கிறதா என்பதுதான் கேள்வி. நேரான நீண்ட சாலையே நாட்டில் அரிது. ஊருக்கு ஊர் வளைவும் சந்திப்பும் தேவாலய முனையும். அந்த ஓட்டத்துக்கு 5.125 மிகப் பொருத்தமான எண்.

போர் முடிந்ததும் நிலைமை புரண்டது. நாட்டுக்கு டாலர் தேவை. ஏற்றுமதி செய்கிறவர்களுக்குத்தான் இரும்பு ஒதுக்கீடு. குதிரைத்திறன் வரியும் போய், 1948 முதல் எல்லாக் காருக்கும் ஒரே வரி, 10 பவுண்டு என்றானது. ஆனால் புது எஞ்சின் செய்யக் காசும் காலமும் ஏது? வரி போன பிறகும், அந்த வரிக்காகப் பிறந்த எஞ்சினும் ஆக்சிலும் தொடர்ந்து வெளிவந்தன. 1945-ல் தொடங்கிய டி.சி. என்ற மாடல் 10,000 வண்டிகள் ஓடி முடிந்தது. அதற்குப் பின் வந்ததுதான் டி.டி.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. டி.சி.க்கும் ஆக்சில் எண் 5.125தான். ஆனால் அதன் சக்கரம் 19 அங்குலம், கம்பி போட்ட உயரமான சக்கரம். டி.டி.க்கு 15 அங்குலமாகக் குறைத்தார்கள். சக்கரம் சிறுத்தால் ஒரு மைலுக்கு அது போடும் சுற்று கூடும், கூடவே எஞ்சினின் சுற்றும். டி.சி. டாப் கியரில் ஒவ்வொரு ஆயிரம் சுற்றுக்கும் 15½ மைலுக்கு மேல் வேகம் கொடுத்தது. டி.டி.யோ 14½-ஐ ஒட்டித்தான் கொடுத்தது. ஆக்சிலில் ஒரு பல்லைக்கூட மாற்றாமலே புது வண்டி பழையதைவிட அதிகம் கத்தியது. டி.டி. கொஞ்சம் கனமும் கூட என்பதால், சின்ன எஞ்சினுக்கு அது உதவியாகவே இருந்தது. அந்த வண்டிகளில் பெரும்பான்மை போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்கா என்பதுதான் சிக்கல்.

அமெரிக்காவில் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் மணிக்கணக்கில் நேர்ச்சாலை. அந்த நாட்களில் காரைச் சோதித்து எழுதும் பத்திரிகைக்காரர்கள் பிஸ்டனின் வேகத்தையும் கணக்கிடுவார்கள். நிமிடத்துக்கு 2,500 அடி என்பது நீண்ட நேரம் தாங்கும் எல்லை என்று வைத்திருந்தார்கள். 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் 4,150 சுற்றும் சேர்ந்தால் 2,450 அடி வந்துவிடும். அதாவது 60 மைலைத் தாண்டினால் எல்லையைத் தொட்டாயிற்று. கலிஃபோர்னியாவில் வார இறுதியில் இருநூறு மைல் ஓட்டுகிறவர் என்ன செய்வார்? பின் ஆக்சிலில் கை வைப்பார்.

பந்தயக்காரர்களுக்கு இது புதிது இல்லை. ஷெல்ஸ்லி வால்ஷ் மலைப்பந்தயம் 1905 முதல் நடக்கிறது. தூரம் 1,000 கஜம். அங்கே கிளம்பும் வேகம்தான் எல்லாம், எண் பெரிதாக வேண்டும். பிரான்சின் லீ மான் பந்தயத்தில் அன்று ஆறு கிலோமீட்டரை நெருங்கும் நேர்ச்சாலை இருந்தது, அங்கே எண் சிறிதாக வேண்டும். அமெரிக்காவில் ஹாலிபிராண்ட் என்பவர் ஆக்சிலின் பின்புறத்தில் இரண்டு சாதாரணப் பல்சக்கரங்களை வைத்து, மூடியைத் திறந்து அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு செய்தார். சில நிமிட வேலை. ஆனால் சாலையில் ஓடும் எம்.ஜி.க்கு அந்த வசதி கிடையாது. கிரவுனையும் பினியனையும் ஜோடியாகக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஜோடி எங்கிருந்து வரும்? எம்.ஜி.யின் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. 1953-ல் டி.எஃப். மாடலை 4.875-உடன் வெளியிட்டார்கள், அதாவது 39-க்கு 8. அதே ஆண்டு வந்த மேக்னெட் என்ற நான்கு கதவுக் காருக்கும் அதே எண். 1956-ல் மேக்னெட்டின் இரண்டாம் வடிவத்துக்கு 4.55, அது 41-க்கு 9. அதற்கு முன் 1955 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான எம்.ஜி.ஏ.வுக்கு 4.3, அது 43-க்கு 10. மேக்னெட் குடும்பக் கார். ஸ்போர்ட்ஸ் காரைப் போல அதை யாரும் பொத்திப் பாதுகாக்கவில்லை. துருப்பிடித்ததும் பழைய இரும்புக்குப் போய்விடும். அதன் ஆக்சிலுக்குள் இருந்த 4.55 ஜோடியை மட்டும் டி.டி. வைத்திருந்தவர்கள் தேடிப் பிடித்து எடுத்துக்கொண்டார்கள். எம்.ஜி.ஏ.வின் 4.3 ஜோடியும் கொஞ்சம் லேத் வேலை செய்தால் டி.டி.க்குள் உட்கார்ந்துவிடும். இப்படித்தான் இந்த வழக்கம் வேர் பிடித்தது.

ஆபிங்டனும் அதே திசையில்தான் நடந்தது. 5.125, 4.875, 4.3 என்று இறங்கி, 1961-ல் எம்.ஜி.ஏ.வின் கடைசி வடிவத்தில் 4.1, 1962-ல் எம்.ஜி.பி.யில் 3.909. 1973-ல் அதே எம்.ஜி.பி.க்குள் 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தபோது 3.07. கால் நூற்றாண்டுக்குள் ஐந்திலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டார்கள். எஞ்சின் 1,250 சி.சி.யிலிருந்து 1,489, 1,798 என்று வளர்ந்தது ஒரு காரணம். காற்றைக் கிழிக்கும் உடலமைப்பு இன்னொன்று. டி.டி. 80 மைலைத் தொடுவதற்குள் மூச்சு வாங்கும். எம்.ஜி.ஏ. 72 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 100 மைல் போனது, தாழ்ந்து வளைந்த அதன் உடலால். எதிர்க்காற்று குறைந்தால் அதே எஞ்சின் சிறிய எண்ணைத் தாங்கும்.

அந்த 1,489 சி.சி. எஞ்சின் நமக்குத் தெரிந்ததுதான். அம்பாசிடரில் நீண்ட காலம் ஓடிய பி.எம்.சி. எஞ்சினும் அதுவும் ஒரே குடும்பம். கோவையில் வாடகைக்கார்களின் எஞ்சின் ஓசையில் வளர்ந்த எனக்கு, முதன்முதலாக ஓர் எம்.ஜி.ஏ.வின் பானெட்டைத் திறந்தபோது எல்லாப் பாகமும் இருக்கும் இடம் கைக்குத் தெரிந்திருந்தது. கார்புரேட்டர் ஒன்றுக்கு இரண்டாக இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் 5 என்றோ 4 என்றோ முழு எண்ணாக வைக்காமல் 5.125, 4.875, 3.909 என்று வைத்தார்கள்? இதை நான் எங்கே சொன்னாலும் கேட்பவர்களின் முகம் மலரும். கிரவுனில் 40 பல், பினியனில் 10 பல் என்று வையுங்கள். பினியனின் ஒரு குறிப்பிட்ட பல், வாழ்நாள் முழுக்கக் கிரவுனின் அதே நான்கு பற்களைத்தான் சந்திக்கும். அந்த ஒரு பல்லில் சிறு மேடு இருந்தால், அந்த நான்கையும் மறுபடி மறுபடி தேய்த்துக் குழியாக்கும். 43 பல்லுக்கு 10 பல் என்றால் பொதுவான வகுஎண் கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் சந்திப்பு நகரும். பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் நாற்பத்து மூன்று பற்களையும் தொட்டுவிட்டுத்தான் தொடங்கிய இடத்துக்கு வரும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் சமமாகப் பங்கு போகும். 4.3-க்கு 43-க்கு 10, 3.909-க்கு 43-க்கு 11, 3.07-க்கு 43-க்கு 14. அந்தக் கோணலான தசமங்கள் கணக்குத் தெரிந்த தொழிலாளிகள் வேண்டுமென்றே தேர்ந்தவை.

டி.சி.யிலிருந்து டி.டி.க்கு வந்தபோது பல்லின் வகையும் மாறியது. பழையது சுழல் பல். பினியனின் அச்சு கிரவுனின் நடுமையத்தைப் பார்த்திருக்கும். புதியது ஹைப்பாய்டு, பினியன் மையத்துக்குக் கீழே தள்ளி உட்காரும். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் கிளீசன் நிறுவனம் 1920களின் நடுவில் இந்தப் பல்லை வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பேக்கார்டு கார் முதலில் எடுத்துக்கொண்டது. பினியன் தாழ்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழும், காரின் தரையும் தாழும். ஓசையும் குறைவு. ஆனால் அந்தப் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றின் மேல் ஒன்று நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அழுத்தம் கடுமை. சாதாரண எண்ணெய்ப் படலம் அங்கே கிழிந்துபோகும். அதற்கென்று மருந்து சேர்த்த ஹைப்பாய்டு எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

வெட்டி, கடினப்படுத்திய பிறகு கிரவுனையும் பினியனையும் ஒன்றாகச் சுழலவிட்டு, உராய்பொடி கலந்த எண்ணெயை ஊற்றித் தேய்ப்பார்கள். அதன் பிறகு அவை ஒன்றுக்கொன்று மட்டுமே ஆனவை. பல வருடம் அரைத்துப் பழகிய அம்மிக்கு வேறு குழவி சேராததைப் போல. இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஜோடி எண் ஒத்துப்போகாத கிரவுனும் பினியனும் எவ்வளவு புதிதாக மின்னினாலும், நான் தொடவே மாட்டேன்.

இனி இங்கிலாந்தின் சாலைக் கதை. 1958 டிசம்பரில் பிரெஸ்டன் புறவழிச்சாலை, 1959 நவம்பர் 2-ல் எம்1. முதன்முறையாக வளைவும் சந்திப்பும் இல்லாத நெடுஞ்சாலை. தொடக்கத்தில் அதில் வேக எல்லையே இல்லை. 1965 டிசம்பரில்தான் சோதனையாக 70 மைல் என்று வைத்தார்கள், 1967-ல் நிரந்தரமானது. அமெரிக்காவில் 1956-ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தால் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் தொடங்கியது. டி.டி.யின் ஆக்சில் இந்தச் சாலைகளுக்கெல்லாம் முந்தியது. 70 மைலில் அதன் எஞ்சின் 4,800 சுற்றை எட்டிவிடும். எம்.ஜி.ஏ. 4,100 சுற்றில் போகும். நேற்றுவரை யாருக்கும் குறையாகப் படாத எண், சாலை மாறியதும் குறையானது.

எம்.ஜி.ஏ. வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம். 1962 முதல் 1967 வரை வந்த திறந்த எம்.ஜி.பி.யின் ஆக்சில், அவர்கள் வண்டியில் இருந்த அதே ‘பாஞ்சோ’ வகை. நடுவில் உருண்டையான கூடு, முன்பக்கம் மொத்த டிஃபரன்ஷியலும் ஒரே துண்டாகக் கழன்று வரும். எம்.ஜி.பி.யின் 3.909-ஐ எடுத்து எம்.ஜி.ஏ.வில் போட்டால் 70 மைலில் எஞ்சின் 3,750 சுற்றுக்கு இறங்கும். ஹாஃப் ஷாஃப்ட் முனையில் உள்ள வரிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று மட்டும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த எம்.ஜி.பி.க்களில் சாலிஸ்பரி வகை ஆக்சில்; பின்னால் மூடி, டிஃபரன்ஷியல் கூட்டுக்குள்ளேயே இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஓசை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அதைக் கழற்ற, கூட்டை மயிரிழை அளவு விரிக்கும் தனிக்கருவி வேண்டும். அதனால்தான் 1967-க்கு முந்திய எம்.ஜி.பி. ஆக்சில்களுக்கு இன்றும் கிராக்கி.

வேலையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எண்ணெயை வடித்து, ஹாஃப் ஷாஃப்டுகளை உருவி, புரொப்பெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, டிஃபரன்ஷியலை வெளியே எடுப்பது ஒரு முற்பகல் வேலை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெருமை மேசையில்தான். பினியன் எவ்வளவு உள்ளே உட்கார வேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய வளையங்களால் தீர்மானிக்க வேண்டும். அதன் தலையில் கூட்டல், கழித்தல் குறியோடு ஓர் எண் பொறித்திருக்கும், அந்த ஜோடி எந்த அளவில் அமைதியாக ஓடியது என்று தொழிற்சாலையில் பார்த்தவர் எழுதியது. கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே இருக்க வேண்டிய பேக்லாஷ் என்ற இடைவெளியும் கிரவுனிலேயே பொறித்திருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு.

பிறகு பற்களில் நீலச் சாயத்தைத் தடவி, கையால் சுழற்றி, எங்கே பட்டிருக்கிறது என்று பார்ப்பது. பட்ட தடம் பல்லின் நடுவில், இரண்டு முனையையும் தொடாமல், உச்சிக்கும் அடிக்கும் இடையே இருக்க வேண்டும். அடிப்பக்கம் இறங்கியிருந்தால் பினியன் அதிகமாக உள்ளே போயிருக்கிறது. உச்சிக்கு ஏறியிருந்தால் போதுமான அளவு போகவில்லை. முன்னோக்கி இழுக்கும் பக்கத்தையும், ஆக்சிலரேட்டரை விடும்போது தாங்கும் பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள். அப்படிப் பூட்டிய ஆக்சில் இறக்கத்தில் ஊளையிடும். நீலத்துக்கு முன்னால் பொறுமையாக இருக்கத் தெரியாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள், அவருடைய பட்டறையில் எவ்வளவு நவீனக் கருவி இருந்தாலும்.

வேகமானி பற்றியும் சொல்ல வேண்டும், இது உயிர் சம்பந்தப்பட்டது. இந்தக் கார்களில் வேகமானிக்கான கேபிள் கியர்பாக்ஸிலிருந்து கிளம்புகிறது. ஆக்சில் எண்ணைக் குறைத்தால் ஒரு மைலுக்கு கியர்பாக்ஸ் சுற்றுவது குறையும், முள்ளும் குறைத்தே காட்டும். டி.டி.யில் 5.125-ஐ எடுத்து 4.3 போட்ட பிறகு, முள் 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 71 மைலுக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஆக்சில் மாற்றியவர் அன்றைக்கே வேகமானியைக் கழற்றித் திருத்த அனுப்ப வேண்டும், அல்லது கேபிள் நடுவில் வைக்கும் சிறு விகிதப்பெட்டியைப் போட வேண்டும். அது முடியும் வரை வண்டியைத் திருப்பிக் கொடுக்க நான் ஒப்புவதில்லை.

மில்டன் கீன்ஸில் வேலை செய்யும் நம் ஊர்த் தம்பி ஒருவர் டி.டி. ஒன்றை வாங்கிவிட்டு என்னிடம் வந்தார்.

“ஏனுங்கண்ணா, 3.909 போட்டுட்டா மோட்டார்வேல சும்மா போலாமுங்களா?”

“சமதளத்துல போலாம் தம்பி. ஏத்தம் வந்தா மூணாவது கியருக்கு வந்தாகணும். காத்து எதுக்க அடிச்சாலும் அப்படித்தான். அம்பத்துநாலு குதிரைக்கு அது பாரம்.”

“அப்ப 4.3?”

“எஞ்சின் நல்லா இருந்தா 4.3. மேட்டுப்பக்கம் அதிகம் போறதா இருந்தா 4.55. அதுதான் அந்த வண்டிக்கு இருக்கறதுலயே நல்ல எண்ணு.”

4.55 போட்டால் 60 மைலில் சுற்று 3,700-ஐ ஒட்டி நிற்கும். இழுவையில் இழப்பது ஒன்பதில் ஒரு பங்குதான். 4.3-ல் ஆறில் ஒரு பங்கு போய்விடும், முதல் கியரில் ஏற்றத்தில் கிளம்பும்போது கிளட்ச் அதைச் சொல்லும். என்றாலும் பெரும்பாலோர் 4.3-ஐத்தான் கேட்கிறார்கள், கிடைப்பதும் அதுதான்.

ஆக்சிலைத் தொடாமல் சாலையைச் சமாளிக்கும் வழிகளும் உண்டு. எம்.ஜி.பி.க்கு லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் விருப்பப் பாகமாகக் கிடைத்தது. ஒரு சுவிட்சைத் தட்டினால் எஞ்சின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஏற்றத்தில் திரும்பத் தட்டினால் பழைய இழுவை வந்துவிடும். எம்.ஜி.பி. வைத்திருப்பவர் ஆக்சிலை மாற்றவே கூடாது, ஓவர்டிரைவைத் தேட வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து. 1980களுக்குப் பிறகு ஃபோர்டு சியராவின் ஐந்து கியர் பெட்டியைப் பழைய எம்.ஜி.க்களில் பொருத்துவதும் பரவியது. சௌகரியம்தான். ஆனால் கியர் மாற்றும்போது கையில் வரும் அந்த உணர்வு வேறு வண்டியுடையது. ஆக்சிலில் பல்லை மாற்றினால் வண்டியின் குணம் மாறுவதில்லை. கியர்பாக்ஸையே மாற்றினால் மாறிவிடுகிறது.

தொழிற்சாலை கொடுத்ததை எதுவும் மாற்றக் கூடாது என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன், கருத்தை ஏற்கவில்லை. ஆபிங்டனே ஒவ்வொரு மாடலிலும் இந்த எண்ணை இறக்கிக்கொண்டே வந்தது, 1980 அக்டோபரில் கதவை மூடும் வரை வந்த எம்.ஜி.பி.க்களில் அது 3.909-ல் நின்றது. 4.55 போட்ட டி.டி. எம்.ஜி.யின் வழக்கத்துக்கு வெளியே போன வண்டி அல்ல. அந்தப் பற்களும் எம்.ஜி.யின் பற்கள்தான். மாறாக, நெடுஞ்சாலைக்கு அஞ்சி ஷெட்டிலேயே நின்று துருப்பிடிக்கும் அசல் வண்டியால் யாருக்கு என்ன பயன்?

மாற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கழற்றிய 41-க்கு 8 ஜோடியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பற்களைத் துடைத்து, கிரீஸ் பூசி, எண்ணெய்த்தாளில் இரண்டையும் ஒன்றாகச் சுற்றி வையுங்கள். பிரித்து வைத்தால் எது எதற்கு ஜோடி என்று பத்து வருடத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு சீட்டில் பல்லெண்ணிக்கையையும், ஜோடி எண்ணையும், கழற்றிய ஆண்டையும், அப்போது இருந்த ஷிம்களின் தடிமனையும் எழுதிக் கூடவே கட்டுங்கள். வண்டிக்குள் இப்போது என்ன எண் ஓடுகிறது என்பதை ஒரு தகட்டில் பொறித்து ஆக்சில் கூட்டில் பூட்டுங்கள். வண்டியை விற்கும்போது அந்தப் பொட்டலத்தையும் வாங்குகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.